நெஞ்சுக் கீற்றை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்: இளம் வல்லூறுகளில் குழப்பம் வந்தால் எங்கே பார்ப்பது

பழுப்பு முதுகு, வெளிர் நெஞ்சில் பழுப்புக் கீற்றுகள், மஞ்சள் கண், நீண்ட வாலில் பட்டைகள். இளம் வல்லூறைப் பார்த்தவர்கள் குறிப்பேட்டில் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டில் வாழும் ஷிக்ரா, பெஸ்ரா, கிரெஸ்டட் கோஷாக் ஆகிய மூன்று வல்லூறுகளின் இளம்பறவைகளுக்கும் இந்த வருணனை அப்படியே பொருந்தும். போதாக்குறைக்கு, வல்லூறே இல்லாத அக்காக்குயிலின் இளம்பறவைக்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடும் கீற்று பறவையின் வயதைத்தான் சொல்கிறது. வளர்ந்த ஷிக்ராவின் நெஞ்சில் மெல்லிய செம்பழுப்பு வரிகள் குறுக்காக ஓடும்; இளம்பறவைக்கு நெடுக்காக, துளித்துளியாக இறங்கும். பெஸ்ராவும் கோஷாக்கும் சிறுவயதில் ஏறத்தாழ இதே சட்டையைத்தான் போட்டுக்கொள்கின்றன. ஆனால் பார்க்கிறவர் கண் முதலில் போய் நிற்பது நெஞ்சில்தான், கேமராவின் ஃபோகஸும் அங்கேதான் போய் நிற்கும். இனத்தைச் சொல்லும் இடங்கள் வேறு: தொண்டை, வால், கால். இந்த மூன்றையும் பார்க்காமல் நெஞ்சை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை.

கீழே உள்ளவை களத்தில் வழக்கமாக வரும் குழப்பங்கள். உங்களுக்கு வந்திருக்கும் குழப்பம் எதுவோ அங்கிருந்து படிக்கலாம். அதற்கு முன் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஷிக்ரா ஊர்ப்பறவை. தென்னந்தோப்பு, ஏரிக்கரை, கல்லூரி வளாகம், நெடுஞ்சாலைப் புளியமரம் என்று எங்கும் இருக்கும். நகரத்துக்குள்ளும் கூடு கட்டும். நீளம் 26 முதல் 30 செ.மீ. பெஸ்ரா அடர்ந்த காட்டின் பறவை. ஆனைமலை, நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் மரங்களுக்குள்ளேயே வாழும். வெட்டவெளிக்கு அதிகம் வராது. 29 முதல் 36 செ.மீ. கிரெஸ்டட் கோஷாக்கும் காட்டுப்பறவைதான். மூன்றிலும் கனத்தது, 30 முதல் 46 செ.மீ. வரை. நான்காவதாக யூரேசியன் ஸ்பேரோஹாக். இது குளிர்கால விருந்தாளி, தெற்கே வருவது குறைவு. இலங்கையின் காடுகளிலும் முதல் மூன்று பறவைகள்தான் குழப்பம் தரும். அந்தமான், நிக்கோபார் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுரை போதாது. அங்கே சீன, ஜப்பானிய ஸ்பேரோஹாக்குகளும் நிக்கோபாருக்கே உரிய ஒன்றும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும்.

பழைய கையேடுகளில் இந்த நான்கும் அக்சிபிட்டர் என்ற ஒரே பேரினத்தில் இருக்கும். 2024இல், பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளம் பின்பற்றும் கிளமெண்ட்ஸ் பெயர்ப்பட்டியல் அதைப் பிரித்துவிட்டது. ஷிக்ராவும் பெஸ்ராவும் டாக்கிஸ்பைசா ஆயின, கோஷாக் லோபோஸ்பைசா ஆனது, ஸ்பேரோஹாக் மட்டும் அக்சிபிட்டராகவே நீடிக்கிறது. கையேட்டுக்கும் செயலிக்கும் அறிவியல் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் இதுதான். பறவை ஒன்றும் மாறவில்லை.

"வல்லூறு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது"

அப்படியானால் முதலில் காலைப் பாருங்கள். வல்லூறுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. நகங்கள் கருத்து, வளைந்து, கிளையைக் கவ்வியிருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இருந்தால் அது அக்காக்குயில். விரல் தெரியவில்லையா? அலகைப் பாருங்கள். வல்லூறின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கீழ்நோக்கி வளைந்து கொக்கியில் முடியும். குயிலின் அலகு மெலிந்து, ஏறத்தாழ நேராக நீண்டு, நுனியில் மட்டும் லேசாக வளையும்.

அக்காக்குயில் ஷிக்ராவைப் போலவே பறந்து, போலவே போய் உட்காரும். உட்கார்ந்த பிறகு வாலை இடவலமாக ஆட்டும் பழக்கம் உண்டு. இறக்கையைத் தொங்கவிட்டபடி இருப்பதும் உண்டு. இளம்பறவைக்கும் வெள்ளை நெஞ்சில் பழுப்புத் துளிகள் இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் ஏமாறலாம். சிறு பறவைகளே ஏமாறுகின்றன. ஆகவே "குருவிகள் எல்லாம் கூடிக் கத்தி விரட்டின, அதனால் வல்லூறுதான்" என்ற வாதம் எடுபடாது. அக்காக்குயிலையும் அப்படித்தான் விரட்டும்.

தவறவே விடக்கூடாத காட்சி ஒன்று உண்டு. கீற்று நெஞ்சுப் பறவை ஒன்று புதருக்குள் உட்கார்ந்து கத்துகிறது. தன்னைவிடச் சிறிய தவிட்டுக்குருவிகள் வந்து அதன் வாயில் புழுவைத் திணிக்கின்றன. அக்காக்குயில் தவிட்டுக்குருவிக் கூட்டில்தான் முட்டையிடும். இதைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை.

"தொண்டையில் கோடு இருக்கிறது. அப்போ பெஸ்ராதானே?"

அதிகம் தவறு நடக்கும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெஸ்ராவின் தொண்டை நடுவில் கறுத்த, தடித்த கோடு ஒன்று கீழ்நோக்கி ஓடும் என்பது எல்லாக் கையேட்டிலும் உண்டு. அதைப் படித்துவிட்டுக் களத்துக்குப் போகிறவர்கள், தொண்டையில் கோட்டைக் கண்டதும் பெஸ்ரா என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இளம் ஷிக்ராவுக்கும் தொண்டைக்கோடு உண்டு. இளம் கோஷாக்குக்கும் உண்டு. கோடு இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே அல்ல. எவ்வளவு தடிமன், எவ்வளவு கறுப்பு என்பதுதான் கேள்வி.

ஷிக்ராவின் கோடு மெல்லியது, பழுப்பு நிறம், சில இடங்களில் விட்டுவிட்டுத் தெரியும். பெஸ்ராவின் கோடு தாடையடியிலிருந்து அறுபடாமல் இறங்கும்; தலையின் கருமையோடு போட்டிபோடும் அளவுக்கு அழுத்தமாக இருக்கும். பைனாகுலரை எடுத்தவுடன் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கோடுதான் என்றால் பெஸ்ராவுக்கோ கோஷாக்குக்கோ வாய்ப்பு உண்டு. தேடிப் பார்த்துத்தான் கோடு தெரிந்தது என்றால் ஷிக்ரா.

இதிலும் ஒரு வலை இருக்கிறது. பறவை கழுத்தை உள்ளிழுத்துக் குனிந்து உட்கார்ந்தால் தொண்டை இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, மெல்லிய கோடும் தடித்துக் கறுத்துத் தெரியும். இப்போதுதான் இரை தின்ற பறவையின் தொண்டைப்பை புடைத்திருக்கும். அப்போது கோடு அகன்று பரவும். அண்ணாந்து மேலே பார்க்கும் நேரத்தில், கழுத்து நீண்டிருக்கும்போது எடுத்த படம்தான் நம்பத் தக்கது. வல்லூறு மேலே பருந்து பறந்தால் அண்ணாந்து பார்க்கும், காக்கை கத்தினாலும் பார்க்கும். அதுவரை காத்திருக்கலாம்.

தொண்டைக்கோடு ஐயமாகவே இருந்தால் மூன்று இடங்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, கால். வல்லூறுக் குடும்பத்தில் எது என்ன தின்கிறது என்பது காலிலேயே தெரியும். ஷிக்ரா ஓணான், அணில், எலி, பூச்சி, சிறு பறவை என்று கிடைத்ததைப் பிடிக்கும். கால் சற்றுத் தடிப்பு, விரல்கள் குட்டை. பெஸ்ரா பறக்கும் குருவியைக் காற்றிலேயே எட்டிப் பிடிக்கும் வேட்டைக்காரன். கால் ஒல்லி, நடுவிரல் மட்டும் மற்ற விரல்களைவிடத் தனியாக நீண்டிருக்கும். கிளையின் மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு விரல் நல்ல படத்தில் பளிச்சென்று தெரியும். என்னைக் கேட்டால் தொண்டைக்கோட்டைவிட இதை அதிகம் நம்புவேன். விரலின் நீளம் பறவை குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மாறாது.

இரண்டு, முதுகும் தலையும். இளம் ஷிக்ராவின் முதுகு மணல் கலந்த பழுப்பு, இறகு ஓரங்களில் செம்பழுப்புக் கரை. முகம் வெளுப்பு, கண்ணுக்கு மேல் மெல்லிய வெளிர் புருவம். பெஸ்ராவின் மேல்புறம் மொத்தமாகவே இருண்டிருக்கும், உச்சந்தலை இன்னும் கறுப்பு.

மூன்று, வால். அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

"வால் பட்டையை எண்ணினேன், கணக்கு ஒத்துவரவில்லை"

ஒத்துவராது. எண்ணுவதை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்கள்.

விதி எளியது. கறுத்த பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே உள்ள வெளிர் இடைவெளியைக் கறுத்த பட்டையோடு ஒப்பிட வேண்டும். ஷிக்ராவில் கறுத்த பட்டை இடைவெளியைவிட ஒடுக்கம். பெஸ்ராவில் இரண்டும் சமமாக இருக்கும், அல்லது கறுப்பு அகலமாக இருக்கும். கோஷாக்கிலும் அகலப் பட்டைதான். தூரத்திலிருந்து பார்க்கும்போது, வெளிர் வாலில் மெல்லிய கோடுகள் போட்டது போல் தோன்றினால் ஷிக்ரா. கறுப்பும் வெளுப்பும் சரிபாதி போல் தோன்றினால் மற்ற இரண்டில் ஒன்று.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது? வால் மூடியிருக்கும்போது மேலிருந்து பார்த்தால் நடு இறகு மட்டும்தான் தெரியும். அதே வாலைக் கீழிருந்து பார்த்தால் தெரிவது ஓரத்து இறகு. இந்த இரண்டு இறகிலும் பட்டைகள் ஒரே மாதிரி இல்லை. ஷிக்ராவின் ஓரத்து இறகில் பட்டைகள் மெலிந்தும் எண்ணிக்கையில் கூடியும் இருக்கும். அதனால் ஒரே பறவையை முதுகுப் பக்கமிருந்து எடுத்தவர் ஒரு கணக்கும், மரத்தடியில் நின்று எடுத்தவர் இன்னொரு கணக்கும் சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் பயன் இல்லை.

கீழிருந்து எடுத்த படத்தில் பட்டை ஒடுக்கமாகத் தெரிகிறது என்பதற்காகப் பெஸ்ராவை உடனே தள்ளிவிடவும் கூடாது. அதன் ஓரத்து இறகிலும் பட்டை கொஞ்சம் மெலியும். முதுகுப் பக்கம் தெரியும் நடு இறகு வேண்டும். இல்லாவிட்டால் வால் விரிந்த படம் வேண்டும். வல்லூறு எச்சமிடும்போதும், இறகு கோதும்போதும், கிளை மாறி இறங்கும்போதும் வாலை விரிக்கும். அந்த நேரத்துக்காக விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருங்கள்.

இன்னொன்று: கூட்டைவிட்டு வந்து சில நாளே ஆன பறவைக்கு வால் முழுசாக வளர்ந்திருக்காது. இறகின் நுனிதான் முதலில் வெளியே வரும், அடிப்பகுதி கடைசியில். ஆகவே பாதி வளர்ந்த வாலில் நுனிப் பக்கத்துப் பட்டைகள் மட்டும் தெரியும், எண்ணினால் இரண்டோ மூன்றோதான் தேறும். "மூணே பட்டை, பெஸ்ரா" என்று வீட்டுத் தோட்டத்திலிருந்து வரும் சேதிகளில் பாதிக்குப் பின்னால் இப்படி ஒரு குட்டைவால் ஷிக்ராதான் இருக்கும்.

"ஷிக்ராவைவிடப் பெரிதாக இருந்தது"

இருந்திருக்கலாம். ஆனால் வல்லூறுகளில் பெண் ஆணைவிடப் பெரியது. பெண் ஷிக்ராவைப் பக்கத்திலேயே நிற்கும் ஆணோடு சேர்த்துப் பார்த்தால் வேறு இனமோ என்று தோன்றும். பெரிய பெண் ஷிக்ராவும் சிறிய ஆண் பெஸ்ராவும் அளவில் ஒன்றின்மேல் ஒன்று விழும். அடுத்து, இளம் இறகுகள் தளர்வாக உப்பியிருக்கும். காலை வெயிலில் இறகை விரித்துக் காயவைக்கும் பறவை இரண்டு மடங்கு தெரியும். தனியாக நிற்கும் பறவையின் அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. பக்கத்தில் காக்கையோ மைனாவோ இருந்தால் மட்டும் பேசலாம்.

அளவை விட்டுவிட்டு உடற்கட்டைப் பாருங்கள். கிரெஸ்டட் கோஷாக்குக்குக் கால் தடிப்பு. ஒல்லிக்காலோடு எது நின்றாலும் அது கோஷாக் அல்ல. உட்கார்ந்திருக்கும்போது இறக்கை நுனி வாலின் அடியைத் தாண்டிக் கொஞ்சம்தான் வரும். இறக்கை அவ்வளவு குட்டை. வாலடி இறகுகள் வெள்ளையாக, பஞ்சாக உப்பியிருக்கும். தொண்டைக்கோடு தடிப்பு, தொடையில் குறுக்கு வரிகள்.

கொண்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரிலேயே கொண்டை இருப்பதால் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். கோஷாக்கின் கொண்டை குட்டையானது, பிடரியோடு படிந்துகிடந்தால் தெரியவே தெரியாது. மறுபக்கம், மழையில் நனைந்த ஷிக்ராவுக்கும், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ஷிக்ராவுக்கும், காக்கையைப் பார்த்து மிரண்ட ஷிக்ராவுக்கும் பிடரி இறகு எழும்பி நிற்கும். கொண்டை தெரிந்தால் ஒரு சிறு ஆதாரம், தெரியாவிட்டால் ஆதாரமே இல்லை. அவ்வளவுதான் அதன் மதிப்பு.

"தொண்டையில் கோடே இல்லை"

கழுத்து நீண்ட நிலையில், நேராகப் பார்த்தும் நடுக்கோடு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஷிக்ரா, பெஸ்ரா, கோஷாக் மூன்றையும் ஓரங்கட்டலாம். அடுத்த கேள்வி: என்ன மாதம்?

அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்றால் யூரேசியன் ஸ்பேரோஹாக்கை நினைத்துப் பார்க்கலாம். அதன் இளம்பறவைக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் நெடுக்குக் கீற்றைவிடக் குறுக்கு வரிகள்தான் மேலோங்கியிருக்கும். ஒழுங்கில்லாத, கொரகொரவென்ற பழுப்பு வரிகள். தொண்டையில் நுண்ணிய கீற்றுகள் பல இருக்கலாம், தனித்த நடுக்கோடு இருக்காது. வெள்ளைப் புருவம் எடுப்பாகத் தெரியும். கால் பென்சில் போல் ஒல்லி. முதுகு பழுப்பாக இருந்து, கீழே குறுக்கு வரியும் இருக்கிறதே என்று ஷிக்ராவின் வளர்ந்த பெண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் வரிகள் மெல்லியவை, செம்பழுப்பு, ஒரே சீரானவை.

மே மாதத்தில், சமவெளியில், கோடில்லாத பறவையா? ஸ்பேரோஹாக் அப்போது இங்கே இருக்காது. இறக்கையும் வாலும் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். இறக்கை நுனி வால் நுனிக்குக் கிட்டத்தட்ட எட்டினால் அது வல்லூறு வகையே அல்ல, வெள்ளைக்கண் வைரியின் இளம்பறவை. ஷிக்ராவின் இறக்கை வாலின் பாதியோடு நின்றுவிடும். வெள்ளைக்கண் வைரி வறண்ட முள்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் மின்கம்பத்தின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், வால் செம்பழுப்பு. இளம்பறவைக்குத் தலை வெளுத்து, கண் பழுப்பாக இருக்கும் என்பதால் பெயரிலுள்ள வெள்ளைக் கண்ணைத் தேடிக் களைத்துப்போக வேண்டாம். தொண்டைக்கோடும் அந்த வயதில் மங்கல், அல்லது இல்லவே இல்லை.

"தலைக்கு மேலே பறந்துபோனது, அவ்வளவுதான் பார்த்தேன்"

கீழிருந்து ஒரு படமாவது கிடைத்திருந்தால் இறக்கை நுனியில் கைவிரல் போல் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணுங்கள். வாலில் எண்ணாதே என்றவன் இங்கே எண்ணச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எண்ணிக்கை உதவும். ஷிக்ராவுக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து விரல். கிரெஸ்டட் கோஷாக்குக்கும் ஸ்பேரோஹாக்குக்கும் ஆறு. இறக்கை முழுதாக விரிந்த படமாக இருக்க வேண்டும். பாதி மடங்கிய இறக்கையில் விரல் ஒட்டிக்கொள்ளும்.

கோஷாக்கின் இறக்கை அகன்று, பின்விளிம்பு புடைத்து வளைந்திருக்கும். அடிப்புறத்தில் அழுத்தமான வரிகள். இறக்கையைக் கீழ்நோக்கி வளைத்து நடுக்கியபடி, வாலடியின் வெண்பஞ்சை இரு பக்கமும் உப்பவிட்டுக் காட்டுக்கு மேலே ஒரு பறவை பறந்தால் அது கோஷாக்கின் காதல் பறப்பு. அதைச் செய்வது வளர்ந்த பறவை, ஆனால் பக்கத்தில் இளசு எதுவும் சுற்றினால் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊகிக்க உதவும்.

ஷிக்ராவா பெஸ்ராவா என்று வானத்தில் வைத்துத் தீர்ப்பதற்கு, வெளிச்சம் ஊடுருவும் விரிந்த வால் தேவை. அது கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள்.

"பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது"

ஷிக்ராவின் குரல் கூர்மையான இரண்டு அசைகள்: "டிட்யூ, டிட்யூ" என்று. பெஸ்ராவின் குரல் வேகமாக அடுக்கி வரும் "ச்யூ-ச்யூ-ச்யூ". கேட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் கறுப்பு நிற இரட்டைவால் குருவி ஷிக்ராவின் குரலை அச்சு அசலாகப் பேசும். காட்டுக்குள் போனால் துடுப்புவால் கரிச்சான் இன்னும் பெரிய கில்லாடி. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் செய்த ஆய்வில், அது ஆபத்து நேரத்தில் இரைகொல்லிகளின் குரலையும் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் எடுத்துப் பயன்படுத்துவது தெரியவந்தது. எனவே குரல் வந்த திசையில் கறுப்பாக ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

இளம்பறவை இரைக்குக் கத்தும் ஒலி வேறு: கிறீச்சென்று, விடாமல், ஒரே சுருதியில். இனத்தைப் பிரிக்க அது உதவாது. ஆனால் பறவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், அதைவிட முக்கியமாகப் பெற்றோரை வரவழைக்கும்.

இதுதான் மொத்தக் குழப்பத்துக்கும் மிக எளிய தீர்வு, ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை. ஷிக்ரா வட இந்தியாவிலும் தெற்கிலும் கோடையை ஒட்டித்தான் இனப்பெருக்கம் செய்கிறது. கூட்டைவிட்டு வந்த குஞ்சுகள் உடனே ஊரைவிட்டுப் போய்விடாது. கூட்டு மரத்தையும் பக்கத்து மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்து பெற்றோரிடம் இரை வாங்கும். ஒரு குஞ்சைப் பார்த்தால் அதே மரத்தில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தால் அப்பனோ ஆத்தாளோ ஓணானோடு வந்து இறங்கும். வளர்ந்த ஆண் ஷிக்ராவுக்குச் சாம்பல் முதுகு, சிவப்புக் கண். குழப்பத்துக்கு இடமே இல்லை. குஞ்சின் தொண்டைக்கோட்டோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

"பாதி கீற்று, பாதி வரி. எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

இறகு உதிர்த்து மாறும் பறவை அது. சிறுவயது இறகுகள் ஒரே நாளில் உதிர்வதில்லை. நெஞ்சில் ஒரு பக்கம் பழைய பழுப்புத் துளிகளும் மறு பக்கம் புதிய செம்பழுப்பு வரிகளும் கலந்து நிற்கும். முதுகில் பழுப்புக்கு நடுவே சாம்பல் இறகுகள் தலைகாட்டும். இளம் ஷிக்ராவின் விலாவிலும் வயிற்றிலும் முதலிலிருந்தே குறுக்குப் புள்ளிகள் கொஞ்சம் இருப்பதுண்டு என்பதால், புதிய சாம்பல் இறகு முதுகில் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும். கண் நிறமும் வயதோடு மாறும்: பறக்கத் தொடங்கும் நாள்களில் மங்கல், பிறகு வெளிர் மஞ்சள், கடைசியில் ஆணுக்குச் சிவப்பு. அதைக்கொண்டு இனம் பிரிக்க முயல வேண்டாம்.

"படம் இருக்கிறது, ஆனால் எல்லாம் கறுப்பாகத் தெரிகிறது"

வெளுத்த வானத்தை முதுகில் வைத்து எடுத்தால் எந்த வல்லூறும் பெஸ்ராவாக மாறிவிடும். தொண்டைக்கோடு கறுக்கும், வால் பட்டை தடிக்கும். கணினியில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் ஓரளவு மீளும். ஆனால் மிகையாகக் கூர்மைப்படுத்தினால் மெல்லிய கோடும் தடித்துவிடும், அதனால் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. செல்போனில் பெரிதாக்கி எடுத்த படத்தில் மென்பொருளே தானாகக் கூர்மைப்படுத்தியிருக்கும், கவனம்.

அடையாளம் கேட்டு யாருக்காவது அனுப்பும்போது, அழகாக இருக்கும் ஒரு படத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முதுகு தெரிவது, வால் தெரிவது, கால் தெரிவது என்று மங்கலான படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். இடம், மாதம், எந்த மாதிரி மரக்கூட்டம் என்பதையும் சொல்லுங்கள். "கோவை, மே, காலனி வேப்பமரம்" என்ற மூன்று சொல்லே பாதி வேலையை முடித்துவிடும்.

"எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் முடிவு வரவில்லை"

சமவெளியிலும் ஊருக்குள்ளும் ஷிக்ரா என்றே தொடங்குங்கள். வேறு பெயர் எழுத வேண்டுமானால் தடித்த தொண்டைக்கோடு, அகலப் பட்டை, நீண்ட நடுவிரல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தெளிவாகத் தெரிய வேண்டும். மலைக்காட்டுக்குள் இந்தச் சலுகை கிடையாது. அங்கே காட்டின் ஓரத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் ஷிக்ராவும் வரும், உள்ளே மற்ற இரண்டும் இருக்கும், ஆகவே மூன்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஈபேர்டில் இனம் குறிப்பிடாமல் வல்லூறு வகை என்று மட்டும் பதிவிடும் வசதி இருக்கிறது. தவறான பெஸ்ரா ஒன்று பட்டியலில் ஏறுவதைவிட அது நல்லது, மறு ஆய்வு செய்பவர்களுக்கும் வேலை மிச்சம்.

"குஞ்சு தரையில் கிடக்கிறது"

இங்கே அடையாளம் இரண்டாம்பட்சம். வால் குட்டை, தலையில் வெண்பஞ்சு ஒட்டியிருக்கிறது, காயம் இல்லை என்றால் கூட்டைவிட்டு இறங்கிப் பறக்கப் பழகும் பறவைதான் அது. கனமான துணியால் மூடித் தூக்கி, நாய் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். நீங்கள் நிற்கும்வரை பெற்றோர் இறங்காது. காலைத் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், குஞ்சின் நகமும் தோலைக் கிழிக்கும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தூக்கும் அந்த அரை நிமிடத்தில் நடுவிரலையும் தொண்டையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். வாலை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், அது இன்னும் வளர வேண்டியிருக்கிறது.